உவமை, பிறிது மொழிதல், உள்ளுறை, இறைச்சி: புதிதாக ஒரு பாட்டைப் பார்த்தால் எப்படிப் பிரித்தறிவது?

புறவழிச்சாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மட்டும் தமிழ் படித்தவன் நான், இப்போது கணக்குத் தணிக்கை வேலை. கொஞ்ச காலமாக இரவில் குறளையும் குறுந்தொகையையும் உரையோடு வாசித்து வருகிறேன். பாட்டு பிடிக்கிறது, உரையும் ஓரளவு புரிகிறது, ஆனால் உரை எழுதியவர்கள் கடைசியில் "இது இன்ன அணி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் தடுக்கி விழுகிறேன்.

'போல' வந்தால் உவமை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்று வருகிறது, 'போல்' இருக்கிறது, ஆனால் உவமை இல்லையாம், தற்குறிப்பேற்றமாம். "அகர முதல எழுத்தெல்லாம்" குறளில் 'போல' கிடையாது, ஆனால் அது உவமையாம். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று வள்ளுவர் வண்டியைப் பற்றி மட்டும் பேசினால் பிறிது மொழிதல். குறுந்தொகையில் மீன் மாம்பழத்தைக் கவ்வினால் உள்ளுறை, அதே குறுந்தொகையில் யானை மரப்பட்டையை உரித்தால் இறைச்சி. மீனுக்கு ஒரு சட்டம், யானைக்கு ஒரு சட்டமா?

இதெல்லாம் ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்ததால் வந்த குழப்பமா, இல்லை நிஜமாகவே வேறு வேறா? வரையறையை மனப்பாடம் செய்து பார்த்துவிட்டேன், தெரிந்த பாட்டில் சரியாக வருகிறது, தெரியாத பாட்டில் கைவிட்டுவிடுகிறது. போதாததற்குப் புதுக்கவிதை பற்றி எழுதுகிறவர்கள் படிமம், குறியீடு என்று வேறு சொல்கிறார்கள். தேர்வு எதுவும் எழுதப் போவதில்லை, பாட்டு நன்றாகப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

கல்லணை எழுதியது:

சகோ, நான் போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவன், எங்களுக்கு ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது, அதனால் குறுக்குவழிதான் சொல்ல முடியும். போல, அன்ன, ஒப்ப, நிகர மாதிரி உருபு வெளிப்படையாக இருந்து, இரண்டு பொருள் ஒப்பிடப்பட்டால் உவமை. உருபு மறைந்து உவமை முன்னால் நின்றால் உவமைத்தொகை, மலர்முகம். அதையே திருப்பிப் போட்டு முகமலர் என்றால் உருவகம். இரண்டு தனி வாக்கியம், நடுவில் உருபே இல்லை, முதல் வாக்கியம் இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு என்றால் எடுத்துக்காட்டு உவமை, "அகர முதல" அப்படித்தான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் உவமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பிறிது மொழிதல்.

"பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" குறளில் பிறவியைக் கடலாக்கினார், இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார், பாதிதான் உருவகம், அது ஏகதேச உருவகம். இதை அடிக்கடி கேட்பார்கள். "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது", வரிசையாக நிறுத்தி வரிசையாகப் பொருள் கொண்டால் நிரல்நிறை. "தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும்" என்று ஒரே சொல் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை.

உள்ளுறை, இறைச்சி வந்தால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொல்கிறேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

கல்லணைத் தம்பி சொன்னது தேர்வுக்குப் போதும். ஆனால் கேட்டவர் தேர்வுக்கில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது மாணவர்கள் கொட்டாவி விடும் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியவன், இங்கே யாரும் கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியாது.

அணிகளைப் பெயரால் பிடிக்கப் போனால் முடிவே இல்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் பொருளணி (பொருளால் அமையும் அணி) மட்டும் 35, பின்னால் வந்த மாறனலங்காரத்தில் அது 64. பெயர்களும் நூலுக்கு நூல் மாறும். பரிமேலழகர் உரை வழியாக நாம் பிறிது மொழிதல் என்று சொல்வதைத் தண்டி 'ஒட்டு' என்கிறார், அதற்கே நுவலா நுவற்சி என்றும் இன்னொரு பெயர் உண்டு. ஆகவே "ஆளுக்கொரு பெயரா" என்று புறவழிச்சாலைத் தம்பி கேட்டதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு வேறு வழியில் போக வேண்டும். பாட்டைப் படித்ததும் கவிஞன் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறான் என்று பாருங்கள், விட்டதை நாம் எங்கே போய் எடுத்துக்கொள்கிறோம் என்று பாருங்கள். நீங்கள் கேட்ட பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்விக்குத் தரும் விடையில்தான் பிரிகின்றன.

உவமையில் எதுவும் விடப்படவில்லை. முகம் இருக்கிறது, மலர் இருக்கிறது, இரண்டையும் கட்டும் 'போல' இருக்கிறது. எடுத்துக்காட்டு உவமையில் கயிறு மட்டும் இல்லை, எழுத்துக்கெல்லாம் அகரம் முதல் என்று ஒரு வாக்கியம், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்று இன்னொரு வாக்கியம், கட்டுவது நம் வேலை, ஆனால் கட்ட வேண்டிய இரண்டும் குறளுக்குள்ளேயே கிடக்கின்றன. இனி சாகாட்டுக் குறளுக்கு வாருங்கள்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்

மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். இரண்டடியும் வண்டிதான், அரசனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பலம் குறைந்த பகைவர்கள்கூடப் பலபேர் சேர்ந்தால் வலிய அரசனும் தாங்க மாட்டான் என்ற பொருளை நாம் எங்கிருந்து எடுத்தோம்? அதிகாரத்தின் பெயரிலிருந்து. இது 'வலியறிதல்' அதிகாரத்தில் இருப்பதால்தான் அந்தப் பொருள். இதே குறளைத் தனியே பிய்த்து ஒரு லாரி நிறுத்தத்தில் எழுதி வைத்தால் அது வெறும் பாரம் ஏற்றும் எச்சரிக்கை. பிறிது மொழிதலில் விடை பாட்டுக்கு வெளியே, ஆனால் பக்கத்திலேயே இருக்கிறது.

உள்ளுறையில் அது இன்னும் தள்ளிப் போகிறது. தம்பி சொன்ன மாம்பழப் பாட்டு குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடியது.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும், அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன். மேலே பார்த்தால் ஊர் வருணனை, அவ்வளவுதான். இங்கே பேசுகிறவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப் போகும் பெண், தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டுத் தலைவியின் பக்கத்தவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். இந்தக் கூற்றுக் குறிப்பு தெரிந்த உடனே பழமும் மீனும் வேறாகிவிடுகின்றன. மீன் மரமேறிப் பறிக்கவில்லை, பழம் தானாக வந்து விழுந்தது, நான் யாரையும் மயக்கிக் கூப்பிடவில்லை, அவனாக வந்தான். இந்த வழக்கு வாதத்தை அவள் நேராகச் சொல்லவே இல்லை, மருத நிலத்தின் மரத்தையும் மீனையும் பேச வைத்துவிட்டாள். பேசுகிறவர் யார், கேட்பவர் யார், திணை என்ன என்று தெரியாதவனுக்கு உள்ளுறை திறக்காது. தெய்வம் தவிர்த்த கருப்பொருள்களின் மேல்தான் உள்ளுறை அமையும் என்று தொல்காப்பியம் எல்லை கட்டியதும் கவனிக்க வேண்டியது. மரம், மீன், யானை, குரங்கு, பூ, இவைதான் அதற்குக் கருவி.

அதே பாட்டின் பின்பாதியைப் பாருங்கள். என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுவான், தன் வீட்டிலோ மகனின் தாய்க்கு முன்னால் கண்ணாடிப் பாவை, அவள் கை தூக்கினால் கை தூக்குவான், கால் தூக்கினால் கால் தூக்குவான். இது பச்சையான உவமை, 'போல' எழுதியே இருக்கிறது. ஆறே அடிக்குள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் உள்ளுறையில் மறைந்துகொள்கிறாள், அவனைக் கிழிக்க வேண்டிய இடத்தில் நேர் உவமையில் வெளியே வருகிறாள். பெயர் தெரிந்தால் என்ன லாபம் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

நெய்தல்கரை எழுதியது:

ஐயா எழுதியது அருமை, குறுந்தொகை 8-ஐ நான் உள்ளுறைக்காக மட்டுமே வாசித்திருந்தேன், இரண்டு பாதியும் எதிரெதிராக நிற்பதைக் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. "எதைச் சொல்லாமல் விட்டான்" என்ற கேள்வி எல்லா அணிக்கும் பொருந்தாது, முக்கியமாகப் புறவழிச்சாலை முதலில் கேட்ட தற்குறிப்பேற்றத்துக்குப் பொருந்தாது. அங்கே கவிஞர் எதையும் விடவில்லை, இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றுகிறார்.

கோட்டைக் கொடி ஆடுவது காற்றால், அது யாருக்கும் தெரியும். இளங்கோ அதற்கு வேறு காரணம் சொல்கிறார், கோவலனைப் பார்த்து "வராதே" என்று கை அசைக்கின்றனவாம். அந்த 'போல்' இரண்டு பொருளை ஒப்பிடும் 'போல்' இல்லை. "மழை வரும்போல இருக்கிறது" என்கிறோமே, அதில் மழையை எதனோடும் ஒப்பிடவில்லை, ஊகத்தைச் சொல்கிறோம், கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஆக 'போல' இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, அது எந்த இரண்டைக் கட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு பொருளைக் கட்டினால் உவமை, ஒரு நிகழ்ச்சியையும் அதற்குக் கவிஞர் கற்பித்த காரணத்தையும் கட்டினால் தற்குறிப்பேற்றம்.

இதே கொடியைக் கம்பர் மிதிலையில் ஏற்றுகிறார். இராமன் ஊருக்குள் வருகிறான், நான் செய்த தவத்தால் திருமகளே இங்கே வந்து இருக்கிறாள் என்று சொல்லி "செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி" அந்த நகரம் "ஒல்லை வா" என்று அழைப்பது போல இருந்ததாம். ஒரே காற்று, ஒரே துணி, ஒரே அணி. மதுரையில் வராதே, மிதிலையில் சீக்கிரம் வா. கம்பர் பாட்டில் "கொடிகள் என்னும் கைகள்" என்ற துண்டு மட்டும் உருவகம், அதை உள்ளே வைத்துக்கொண்டு முழுப் பாட்டும் தற்குறிப்பேற்றமாக நிற்கிறது, ஆகவே ஒரு பாட்டுக்கு ஒரே அணிதான் என்ற பள்ளிக்கூடப் பழக்கத்தையும் மறந்துவிடலாம்.

சிலம்பில் அதே காதையில் வைகையைக் கடக்கும் இடமும் உண்டு. கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள் போல வைகை மலராடை போர்த்திக்கொண்டு, கண் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாளாம். ஆற்றில் பூ மிதந்தது, அவ்வளவுதான் நடந்தது. கொடியும் தடுக்கிறது, ஆறும் அழுகிறது, கோவலனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

புறவழிச்சாலை எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நெய்தல்கரை அக்கா (அக்காதானே?), ஒரு சந்தேகம். ஆங்கில வகுப்பில் பெர்சானிஃபிகேஷன் என்று படித்தோமே, உயிரில்லாததற்கு மனிதச் செயலைக் கொடுப்பது, அதுவும் தற்குறிப்பேற்றமும் ஒன்றுதானா?

ஐயா, உள்ளுறை இப்போது பிடிபட்டது. ஆனால் என் யானை இன்னும் வழியிலேயே நிற்கிறது.

நெய்தல்கரை எழுதியது:

அக்காவேதான். இரண்டும் ஒன்றில்லை, ஆனால் நிறைய இடத்தில் சேர்ந்தே வரும். "நிலா சிரித்தது" என்றால் மனிதச் செயல் கொடுத்தாயிற்று, அதோடு முடிந்தது. "தலைவி ஏமாந்ததைப் பார்த்து நிலா சிரித்தது" என்று எழுதினால் நிலவொளிக்கு ஒரு காரணம் ஏற்றியாயிற்று, அப்போதுதான் தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கும் ஒன்று இருக்க வேண்டும், அதன் மேல் கவிஞரின் குறிப்பு ஏற வேண்டும், பெயரிலேயே அது இருக்கிறது.

ஓலைச்சுவடி எழுதியது:

நெய்தல்கரை அம்மா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். என் கேள்வி ஒப்புமை சார்ந்த அணிகளுக்குத்தான், கொடிக்கு அது வேலை செய்யாது.

யானைக்கு வருவோம். குறுந்தொகை 37, பாலை பாடிய பெருங்கடுங்கோ. பிரிந்து போனவனை நினைத்து வாடும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள்.

நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்
பிடிபசி களைஇய பெருங்கை வேழம்
மென்சினை யாஅம் பொளிக்கும்
அன்பின தோழி அவர்சென்ற ஆறே

உன்மேல் அவருக்கு ஆசை அதிகம், வந்து அன்பு செய்வார், பெண் யானையின் பசியைப் போக்க ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துத் தரும் அன்பு நிறைந்த வழியில்தான் அவர் போயிருக்கிறார்.

இப்போது மாம்பழப் பாட்டில் செய்தது போல இங்கே ஒன்றுக்கொன்று பொருத்திப் பாருங்கள். அங்கே பழம் அவன், மீன் அவள், விழுந்தது அவனாக வந்தது, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இங்கே களிறு தலைவன் என்று வைத்தால் இடிக்கிறது, ஏனென்றால் களிறு பிடிக்குப் பக்கத்தில் நின்று ஊட்டுகிறது, தலைவனோ தலைவியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். உவமையாக எடுத்தால் தோழி அவனைக் குத்திக் காட்டுவது போல ஆகிவிடும். தோழி ஒப்பிடவில்லை. அவன் அந்தக் காட்சியைப் பார்ப்பான், பார்த்தால் உன் நினைவு வரும், நினைவு வந்தால் திரும்புவான். யானை அவனுக்கு உவமை அல்ல, அவனைத் திருப்பி அனுப்பும் காரணம். அதனால்தான் "இறைச்சி தானே பொருட்புறத் ததுவே" என்றார் தொல்காப்பியர், சொல்லும் பொருளுக்குப் புறத்தே நின்று குறிப்பால் கிடைப்பது.

உள்ளுறையைப் பொருத்திப் பார்க்கலாம், இறைச்சியைப் பொருத்தினால் உடையும், அங்கே "அதனால் என்ன ஆகும்" என்று கேட்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உரையாசிரியர்களே இறைச்சிக்குக் கொள்ளும் பொருளில் ஒருவரோடொருவர் வேறுபடுவார்கள், ஒரே பாட்டை ஒருவர் உள்ளுறை என்பார், இன்னொருவர் இறைச்சி என்பார். அப்படிப்பட்ட பாட்டில் நீங்கள் தடுமாறினால் அது உங்கள் குறை இல்லை.

அரைப்பக்கம் எழுதியது:

இரண்டாயிரம் ஆண்டுப் பேச்சுக்கு நடுவில் புதுக்கவிதைக்காரன் ஒருவன் நுழையலாமா? படிமம், குறியீடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இந்த இரண்டு சொல்லும் நம்மிடம் அதிகம் புழங்கத் தொடங்கியது 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையை ஒட்டிய விமர்சனப் பேச்சில். சொல் புதிது என்பதற்காகச் சரக்கும் புதிது என்று நினைக்க வேண்டாம்.

படிமம் என்றால் புலன்களில் தட்டுகிற காட்சி. அதற்கு மறைபொருள் எதுவும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, கண்ணில் தெரிந்தால், காதில் கேட்டால் போதும். காதலர் நெஞ்சம் கலந்ததைக் குறுந்தொகை சொல்லும் "செம்புலப் பெயல்நீர் போல" என்பது இலக்கணப்படி உவமை, ஆனால் நம் தலைக்குள் அது விழுவது படிமமாகத்தான். தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கும். இது கலத்தலைச் சொல்வதால் வினை என்று வகுத்துவிடலாம். ஆனால் செம்மண்ணில் விழுந்த நீர் சிவந்துவிடுமே, அந்த நிறத்தைப் பற்றிப் பாட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை, நமக்கு மட்டும் சிவப்பு தெரிகிறது. பாடியவரின் பெயரே தெரியாமல் போய், அந்தத் தொடரே செம்புலப் பெயனீரார் என்று பெயராகி நின்றுவிட்டது. படிமத்தின் பலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குறியீட்டுக்குப் பாரதியை எடுங்கள்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்
வெந்து தணிந்தது காடு

குஞ்சு எது, காடு எது? விடுதலை உணர்வும் அடிமைத்தனமும் என்று ஒருவர் சொல்வார், ஞானமும் அறியாமையும் என்று இன்னொருவர் சொல்வார், கவிதையும் சோம்பலும் என்று நான்கூடச் சொல்வேன். இப்போது ஐயாவின் வண்டிக் குறளோடு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மேலே சொல்வது ஒன்று, உள்ளே வேறொன்று. ஆனால் வண்டிக்கு அதிகாரத் தலைப்பு என்ற பூட்டு இருக்கிறது, ஒரு சாவிதான் சேரும். பாரதியின் குஞ்சுக்கு அப்படிப் பூட்டே போடவில்லை. ஐயாவின் "எங்கே போய் எடுப்பது" என்ற கேள்விக்குக் குறியீட்டின் விடை, வாசிக்கிறவனிடமே போய் எடுத்துக்கொள் என்பது.

எனக்கு இதில் ஒரு புகாரும் உண்டு. இப்போது எந்தக் கவிதையில் பறவை வந்தாலும் சுதந்திரத்தின் குறியீடு, மழை வந்தால் துக்கத்தின் குறியீடு என்று எழுதிவிடுகிறார்கள். சில கவிதையில் பறவை வெறும் பறவைதான்.

கல்லணை எழுதியது:

அரைப்பக்கம் அண்ணே, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறியீட்டுக்கு யார் என்ன சொன்னாலும் சரி என்று ஆகிவிடும் போலிருக்கிறதே, அப்புறம் அதற்கு ஒரு பெயர் எதற்கு?

அரைப்பக்கம் எழுதியது:

இல்லை, எல்லாமும் சரி ஆகாது. காடு வெந்து தணிந்திருக்கிறது, சின்னதாக இருந்தது பெரியதை எரித்திருக்கிறது, "தழல் வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ" என்று கவிஞரே கேட்டிருக்கிறார், கடைசியில் தத்தரிகிட தித்தோம் என்று கூத்தாடவும் செய்கிறார். சின்னது பெரியதை வெல்வதும் அதில் வரும் களிப்பும் இல்லாத எந்த விளக்கமும் அந்தப் பாட்டில் ஒட்டாது. குஞ்சு என்பது குழந்தை, காடு என்பது குடும்பம் என்று ஒருவர் சொன்னால் தித்தோம் அவரைக் காலி செய்துவிடும்.

புறவழிச்சாலை எழுதியது:

நேற்று இரவு இதையெல்லாம் வைத்துக்கொண்டு நானே ஒரு பாட்டில் முயற்சி செய்து பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். புறநானூறு 95. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் சொல்கிறார், "இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி" நெய் பூசிக் காவல் உள்ள பெரிய வீட்டில் அழகாக இருக்கின்றன, "அவ்வே" பகைவரைக் குத்தி நுனி சிதைந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

ஒப்பீடு இருக்கிறது, ஆனால் உவமை இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்று போல இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. பிறிது மொழிதலும் இல்லை, பேசும் பொருள் ஆயுதம்தான், வேறு எதையோ சொல்லி ஆயுதத்தைக் குறிக்கவில்லை. சொல்லாமல் விட்டது "நீ போரே செய்ததில்லை" என்ற ஒரு வாக்கியம். அதை எங்கே எடுக்கிறோம் என்றால், தூது போன சூழ்நிலையில் எடுக்கிறோம். இதுவரை வந்துவிட்டேன், பெயர் தெரியவில்லை.

நெய்தல்கரை எழுதியது:

பெயர் தெரியாமலே பாட்டைப் பிடித்துவிட்டீர்கள். இவனைப் புகழ்வது போலப் பழிக்கிறார், அதே மூச்சில் அதியமானைப் பழிப்பது போலப் புகழ்கிறார், எதிரியின் வீட்டில் நின்றுகொண்டு. வள்ளுவர் கயவரைத் "தேவர் அனையர்" என்று சொல்லிவிட்டு, அவர்களும் மனம் போனபடி நடக்கிறார்களே என்று காரணம் சொல்வாரே, அந்த வகை. தூதர் என்பதால் நேராகத் திட்ட முடியாது, ஆகவே அவருக்கு வேறு வழியே இல்லை. இந்த இடத்தில் அணி அலங்காரத்துக்கு வரவில்லை, உயிரோடு திரும்பி வருவதற்கு வந்திருக்கிறது.

ஓலைச்சுவடி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தம்பிக்குப் பெயர்கள்: பாடப்புத்தகத்தில் வஞ்சப்புகழ்ச்சி. இப்படிப் புகழ்வது போலப் பழிப்பதையும் பழிப்பது போலப் புகழ்வதையும் இலேச அணியில் சேர்ப்பவர்களும் உண்டு என்று தண்டி சொல்வார். தொல்காப்பியம் வசையை அங்கதம் என்று சொல்லி, வெளிப்படையாகத் திட்டினால் செம்பொருள் அங்கதம், மறைத்துத் திட்டினால் பழிகரப்பு அங்கதம் என்று பிரிக்கும், அந்தக் கண்ணால் பார்த்தால் இது இரண்டாவது. இக்கால விமர்சகர்கள் முரண்நகை என்று எழுதுவார்கள். அடுத்து காளமேகப் புலவரின் சிலேடைகளை எடுத்துக்கொள்ளுங்கள், பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்த பாட்டு. எள்ளுக்குப் 'பிண்ணாக்கு' என்று படிக்கிற இடத்தில் பாம்புக்குப் 'பிள் நாக்கு', பிளந்த நாக்கு என்று பிரித்துப் படிக்க வேண்டும். அங்கே எதுவும் மறைவாக இல்லை, இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் வெளிச்சத்தில் நிற்கும், என் கேள்வி அங்கேயும் செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கல்லணை எழுதியது:

ஐயா, வஞ்சப்புகழ்ச்சி, இலேசம், பழிகரப்பு அங்கதம், முரண்நகை. நான்கு விடையையும் கொடுத்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று கேட்டால் எதைக் குறிப்பது?

ஓலைச்சுவடி எழுதியது:

வஞ்சப்புகழ்ச்சி. யோசிக்காமல் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.